வெனிஸின் பழைய வீடுகளில் விருந்தினர்கள் இருக்கிறார்கள், குடியிருப்பாளர்கள் எங்கே?

இத்தாலியின் வெனிஸ் நகரில் ரியால்ட்டோ பாலத்துக்கு அண்மையில் சான் பார்த்தலோமியோ சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்குள்ள மருந்துக்கடை ஒன்றின் யன்னலில் 2008ஆம் ஆண்டில் நகரவாசிகள் சிலர் மின்னணு இலக்கப் பலகையொன்றைப் பொருத்தினார்கள். நேரத்தையோ வெப்பநிலையையோ அறிவிப்பதற்காக அல்ல. வரலாற்று வெனிஸ் எனப்படும் தீவு நகரத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களின் தொகையை வழிப்போக்கர்களுக்குக் காட்டுவதே அதன் நோக்கம். பலகை பொருத்தப்பட்ட வேளையில் அத்தொகை சுமார் 60,000 ஆக இருந்தது. 1951ஆம் ஆண்டில் அதே தீவுகளில் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கியது. மறுவருடம் நகரத்தின் புத்தகக் கடையொன்றில் இரண்டாவது பலகை வைக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் படுத்துறங்குவதற்கு நகரில் எத்தனை கட்டில்கள் இருக்கின்றன என்பதை அது காட்டியது. 2023 செப்டெம்பரில் கட்டில்களின் தொகை குடியிருப்பாளர்களின் தொகையை விஞ்சிவிட்டது.

வெனிஸ் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியைப் பல தசாப்தங்களாக நாம் பத்திரிகைகளில் வாசித்து வந்திருக்கிறோம். நானும் அத்தகைய செய்திகளை மொழிபெயர்த்துத் தலைப்பிட்டிருக்கிறேன். 1966 நவம்பர் 4ஆம் திகதி 194 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஏறிய வெள்ளமும், 2019 நவம்பர் 12ஆம் திகதி 187 சென்ரிமீற்றரை எட்டிய வெள்ளமும் உலகம் முழுவதும் முதற்பக்கச் செய்திகளாகின. தண்ணீரைத் தடுப்பதற்கு மோசே என்ற பெயரில் கடல்வாயில்களில் அமைக்கப்பட்ட தடுப்புகள் 2020 ஒக்டோபரில் முதன்முறையாக இயக்கப்பட்டன. பல நூறு கோடி யூரோ செலவானாலும், தண்ணீருக்கு எதிராக மனிதர்களால் எதையோ செய்ய முடிந்திருக்கிறது. நகரத்தைவிட்டு ஆட்கள் வெளியேறுவதைத் தடுப்பதற்கு அத்தகைய முயற்சி எதுவும் இதுவரை செய்யப்படவில்லை. அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், அந்த நகரத்தின் பழைய கட்டிடமொன்றில் விடுமுறை வாடகைக்கு விடப்படும் வீட்டில் ஐந்து இரவுகளைக் கழிக்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததேயாகும்.

சுவிட்சர்லாந்தில் வாழும் மகளின் குடும்பத்துடன் நானும் மனைவியுமாக ஆறு பேர் சென்றிருந்தோம். ஹோட்டலில் மூன்று அறைகள் எடுப்பதற்கான செலவைவிட வீட்டு வாடகை கணிசமாகக் குறைவாக இருந்தது. சீனி வியாதிக்காரனான எனக்கு மூன்று வேளையும் கடைச் சாப்பாடு ஒத்துவராது. பேரப்பிள்ளைகளுக்கு இரவில் சோறும் பருப்பும் வேண்டும். எனவே சமையலறையுடன் கூடிய வீடு எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஆடம்பரமல்ல, வசதி. புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்கு எந்த நகருக்குச் சென்றாலும் பெரும்பாலும் இதே வழியையே நாடுகின்றன. அதில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை என்பதை முதலிலேயே கூறிவிட விரும்புகிறேன்.

அந்தக் கட்டிடம் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று வீட்டில் வைக்கப்பட்டிருந்த அறிமுகக் குறிப்பு கூறியது. வெனிஸின் பழைய வீடுகள் சேற்றில் நெருக்கமாக அறையப்பட்ட மரத் தூண்களின் மேல் நிற்கின்றன. பிராணவாயு புகாத சேற்றுக்குள் மரம் எளிதில் உக்குவதில்லை. செல்வந்தர்களின் வீடுகளில் கீழ்த்தளம் சரக்கு இறக்குவதற்கும் களஞ்சியத்துக்கும் உரியது. அதற்கு மேலுள்ள பிரதான மாடியில் குடும்பமும் உச்சி மாடிகளில் பணியாளர்களும் வசிப்பார்கள். ஒரு வாசல் கால்வாயை நோக்கியும் மற்றொன்று தெருவை நோக்கியும் இருக்கும். கட்டிடம் மெல்ல அசைந்து அமிழும் தன்மையுள்ளது என்பதால் அதற்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கும் மரத் தீராந்திகளையும், சுண்ணாம்பில் கல் துண்டுகளைப் பதித்து மெருகிட்ட தளங்களையும் அந்நாளைய கொத்தனார்கள் பயன்படுத்தினார்கள். நாங்கள் தங்கிய மூன்றாம் மாடியில் தளம் சற்றுச் சரிந்திருந்தது. பேரனின் பந்து எந்த மூலையில் வைத்தாலும் கால்வாய்ப் பக்க யன்னலை நோக்கியே உருண்டது. பத்துத் தலைமுறைகளுக்கு மேலாக மனிதர்கள் நடந்து தேய்ந்த படிகளில் ஏறி இறங்குவது மனதுக்கு நிறைவளிக்கும் அனுபவம் என்பதில் ஐயமில்லை.

எனினும், பத்திரிகைத் தொழிலில் பழகிய கண்கள் வேறு சிலவற்றையும் அவதானிக்கத் தவறுவதில்லை. தெருவாசலில் எட்டு அழைப்பு மணிகள் இருந்தன. இரண்டில் மாத்திரமே குடும்பப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மற்றைய ஆறில் இலக்கங்களும் வியாபாரத்துக்காகச் சூட்டப்பட்ட அலங்காரப் பெயர்களும் காணப்பட்டன. எங்களை வரவேற்க எவரும் வரவில்லை. வாசலுக்கு அருகேயிருந்த இரும்புக் கம்பியில் சிறு பெட்டிகள் வரிசையாகப் பூட்டப்பட்டிருந்தன. கைத்தொலைபேசிக்கு அனுப்பப்பட்ட இரகசிய இலக்கத்தை அழுத்தியபோது பெட்டி திறந்து, உள்ளே வீட்டின் திறப்பு இருந்தது. ஐந்து நாட்களில் வீட்டுச் சொந்தக்காரரின் முகத்தை நாங்கள் காணவேயில்லை. அவர் தனிமனிதரா கம்பனியா என்பதும் எமக்குத் தெரியாது.

பெயர் பொறித்த இரு மணிகளில் ஒன்று இரண்டாம் மாடியில் வசிக்கும் மூதாட்டிக்கு உரியது. எண்பது வயதைக் கடந்தவர். கடைச் சாமான்களுடன் படியேறிக்கொண்டிருந்த அவரது பையை மருமகன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மகளுக்கு இத்தாலிய மொழி ஓரளவு தெரியுமென்பதால் படிக்கட்டிலேயே சிறிது நேரம் பேச முடிந்தது. அவர் எங்களிடம் முதலில் கேட்டது எத்தனை நாட்கள் இருப்பீர்கள் என்பதையே. அடுத்ததாகக் குப்பையைப் பற்றிக் கேட்டார். வெனிஸில் குப்பைப் பையை இரவில் வெளியே வைக்கக் கூடாது. கடற்பறவைகள் கிழித்து இறைத்துவிடும். காலையில் சேகரிக்க வருபவரிடம் கையளிக்க வேண்டும், அல்லது குப்பைப் படகு நிற்கும் இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவைகள் ஆட்கள் மாறும் வீடுகளில் இந்த ஒழுங்கை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பதாக அவர் குறைகூறினார். கோபத்துடன் அல்ல, களைப்புடன்.

அவர் சொன்ன மற்றொரு விடயமே என் மனதில் தங்கிவிட்டது. முன்னர் தனது வீட்டின் இரண்டாவது திறப்பு மேல் மாடியில் இருந்த குடும்பத்திடம், அதாவது நாங்கள் தங்கியிருந்த அதே வீட்டில் வசித்தவர்களிடம், எப்போதும் இருக்கும் என்றும், இரவில் சுகவீனம் ஏற்பட்டால் சுவரில் தட்டினால் போதும் என்றும் அவர் கூறினார். அந்தக் குடும்பம் தரைப்பகுதியான மேஸ்திரேக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. இப்போது அந்தத் திறப்பைக் கொடுத்துவைப்பதற்கு அதே கட்டிடத்தில் பொருத்தமான ஆள் இல்லை. நீங்கள் நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறீர்கள், ஆனால் வெள்ளிக்கிழமை போய்விடுவீர்களே என்றார்.

யாழ்ப்பாணத்தில் அயலட்டை என்று ஒரு சொல் வழங்குகிறது. அயலில் வாழும் மனிதர்களை மாத்திரமல்ல, அவர்களுடனான கொடுக்கல் வாங்கலையும், கோபதாபங்களையும், ஆபத்துக்கு ஓடிவரும் உரிமையையும் சேர்த்தே அச்சொல் குறிக்கிறது. அந்த மூதாட்டி இழந்தது அயலட்டையை. அவரது கட்டிடம் முன்னரைக் காட்டிலும் இன்று நல்ல நிலையில் இருக்கிறது. யன்னல்களுக்குப் புது வர்ணம், குளியலறைகளுக்குப் புதிய குழாய்கள், படிக்கட்டில் தானாக எரியும் மின்விளக்கு எல்லாம் உண்டு. கட்டிடத்தில் ஒவ்வொரு இரவும் இருபது பேராவது உறங்குகிறார்கள். ஆனால் நள்ளிரவில் சுவரில் தட்டினால் அந்த ஓசையின் அர்த்தம் புரியக்கூடியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

1987ஆம் ஆண்டில் வெனிஸும் அதன் கடலேரியும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டிடமொன்றின் தோற்றத்தை அதிகாரிகளின் அனுமதியின்றி மாற்ற முடியாது. கல்லுக்கும் மரத்துக்கும் சட்டம் காவல் நிற்கிறது. அந்தக் கல்லுக்குள் யார் வாழ்கிறார்கள் என்பது தனது பொறுப்பல்ல என்று சட்டம் கருதுகிறது. குடும்பம் வசித்த மாடி சூட்கேஸ்கள் வந்துபோகும் மாடியாக மாறுவதற்கும் வெளிச்சுவரின் தோற்றத்துக்கும் சம்பந்தமில்லை என்பதால் மரபுரிமை பாதுகாக்கப்பட்டதாகவே கணக்கில் எழுதப்படுகிறது. இங்கேதான் தவறு இருக்கிறது என்பது எனது அபிப்பிராயம்.

இந்த நிலைமைக்கு விடுமுறை வீடுகளை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. எயார் பிஎன்பி நிறுவனம் தோன்றியதே 2008ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னரே வெனிஸ் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான குடியிருப்பாளர்களை இழந்துவிட்டது. தரைப்பகுதியில் மார்கேராவின் தொழிற்சாலைகள் வேலை கொடுத்தன. மேஸ்திரேயில் வெயிலும் காற்றும் வரும் புதிய வீடுகளும் கார் நிறுத்த இடமும் கிடைத்தன. 1966 வெள்ளத்துக்குப் பிறகு ஈரம் ஊறிய கீழ்த்தள வீடுகளில் வாழப் பலர் விரும்பவில்லை. மனிதர்கள் மேலான வாழ்க்கையைத் தேடிப் போனதைக் குறைகூற எமக்கு உரிமை இல்லை.

ஆனால் அன்று ஒரு குடும்பம் வெளியேறியபோது வீடு காலியாக இருந்தது. இன்னொரு குடும்பம் வருவதற்கு வாய்ப்பும் இருந்தது. இன்று வெளியேறும் குடும்பத்தின் இடத்துக்கு வேறொரு குடும்பம் வருவதில்லை. ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாடகை பெறக்கூடிய வீட்டை மாத வாடகைக்குக் கொடுப்பதற்குச் சொந்தக்காரருக்கு என்ன தேவை? ஆஸ்பத்திரித் தாதியோ, பாடசாலை ஆசிரியையோ, காபொஸ்காரி பல்கலைக்கழக மாணவரோ உல்லாசப் பயணியுடன் வாடகையில் போட்டியிட முடியாது. விடுமுறை வீடு வெனிஸைவிட்டு மக்களை முதலில் வெளியேற்றவில்லை என்பது உண்மை. திரும்பி வரக்கூடியவர்களுக்குக் கதவைச் சாத்துவது அதுவே. குடியிருப்பாளர் குறையும்போது பேக்கரியும் தையற்கடையும் மூடப்பட்டு முகமூடி விற்கும் கடைகள் வருகின்றன. பாண் வாங்க மூன்று பாலங்கள் ஏறி இறங்க வேண்டிய முதியவர் அடுத்ததாக வெளியேறுகிறார்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. உப்புநீர் செங்கல்லை அரிக்கிறது. பழைய கூரையைத் திருத்த சாரம் கட்டுவதற்கே பெருந்தொகை வேண்டும். எல்லாப் பொருட்களும் படகில் வரவேண்டியிருப்பதால் கூலி இரட்டிப்பாகிறது. விருந்தினர்கள் கொடுக்கும் பணம் இல்லையென்றால் இந்தக் கட்டிடங்கள் இடிந்துவிடும் என்று அவர்கள் கூறுகிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் தனது வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அதே வீட்டில் தானும் வாழ்ந்தால் இந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். அவர் அந்த வருமானத்தால் நகரத்தைவிட்டுப் போகாமல் இருக்கிறார். நகரத்துக்கு ஒரு குடியிருப்பாளர் மிஞ்சுகிறார். இருபது வீடுகளை வைத்துக்கொண்டு, திறப்புகளைப் பெட்டிகளில் பூட்டிவிட்டு வேறு நகரத்தில் வாழும் முதலீட்டாளர் இதே வாதத்தை எடுத்துப் பேசும்போது அதை ஏற்றுக்கொள்ள முடியாது. ஆனால் இருவரையும் ஒரே மாதிரி நடத்தும் சட்டமே பெரும்பாலான நகரங்களில் இருந்து வந்திருக்கிறது.

வெனிஸ் மாநகர சபை என்ன செய்தது? பெரிய உல்லாசக் கப்பல்கள் சான் மார்க்கோவுக்கு முன்னால் செல்வதை 2021 ஆகஸ்டில் இத்தாலிய அரசாங்கம் தடைசெய்தது. 2024 ஏப்ரில் 25ஆம் திகதி முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடும் திட்டத்தை மாநகர சபை ஆரம்பித்தது. அந்த வருடத்தில் 29 நாட்களில் சுமார் 24 இலட்சம் யூரோ வசூலானது. 2025இல் அது 54 நாட்களாக நீடிக்கப்பட்டு, தாமதமாகப் பதிவுசெய்வோருக்கு 10 யூரோவாக உயர்த்தப்பட்டது. நகரத்துக்குள் இரவு தங்குவோருக்கு இந்தக் கட்டணம் இல்லை. அவர்கள் தங்குமிட வரி கட்டுகிறார்கள் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் காலையில் வந்து மாலையில் போகிறவர் எவருடைய வீட்டையும் எடுத்துக்கொள்வதில்லை. அவரால் ஏற்படுவது நெரிசல். குடியிருப்பாளர் வெளியேறுவதே நோய் என்றால் நுழைவுக் கட்டணம் அதற்கான மருந்தல்ல.

மருந்து சபையின் கைக்கு எட்டாமலும் இல்லை. குறுங்கால வாடகை வீடுகளுக்கு வரம்பு விதிக்கும் விசேட அதிகாரத்தை 2022ஆம் ஆண்டில் இத்தாலிய பாராளுமன்றம் வெனிஸ் மாநகர சபைக்கு வழங்கியது. அடுத்து வந்த வருடங்களில் கட்டணம் வந்தது, வரம்பு வரவில்லை. மாறாக ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் துணிச்சலான முடிவொன்றை எடுத்தது. அங்கு சுற்றுலா வாடகைக்கு அனுமதிபெற்ற 10,101 தொடர்மாடி வீடுகளின் அனுமதிப் பத்திரங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று நகர மேயர் ஜோமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். அதற்கு ஆதாரமான கற்றலோனியச் சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், சொத்துரிமை மீறப்படவில்லை என்று ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. முழுமையான தடை என்ற பார்சிலோனாவின் வழி எல்லா நகரங்களுக்கும் பொருந்துமென்று நான் வாதிட மாட்டேன். ஒரு வீட்டை வாழ்வதற்குப் பயன்படுத்துவதா தொழிலுக்குப் பயன்படுத்துவதா என்பதில் நகரத்துக்கும் சொல்ல இடமுண்டு என்ற கோட்பாடு நீதிமன்றத்தில் நிலைத்தது என்பதே முக்கியமானது. சொந்தக்காரர் அதே வீட்டில் வசித்தால் அனுமதி, வசிக்காவிட்டால் ஒருவருக்கு ஒரு வீடு மாத்திரம், ஒரு கட்டிடத்தில் இத்தனை மாடிகளுக்கு மேல் கூடாது என்ற அளவிலான விதிகளே வெனிஸின் பல கட்டிடங்களைக் காப்பாற்றப் போதுமானவை.

எமது நாட்டுக்கு இதில் பாடம் இல்லையென்று கூற முடியாது. போர்த்துக்கேயர் ஆரம்பித்து ஒல்லாந்தர் விரிவாக்கிய காலிக் கோட்டை 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2004 டிசம்பர் சுனாமியில் காலி நகரம் சிதைந்தபோது கோட்டையின் மதில்கள் உள்ளேயிருந்த தெருக்களைக் காத்தன. ஆனால் பணத்தின் அலையைத் தடுக்க மதில்களால் இயலவில்லை. தலைமுறைகளாக முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் வாழ்ந்த வீடுகள் பல, வில்லாக்களாகவும் சிறு ஹோட்டல்களாகவும் மாறிவிட்டன. வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கு 2004ஆம் ஆண்டில் நூறு வீத வரி விதிக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் அதைவிடக் கடுமையான சட்டம் கொண்டுவரப்பட்டது. இரண்டும் வாங்குபவரின் பிரஜாவுரிமையைக் கேட்டனவேயன்றி, வாங்கிய வீட்டில் எவராவது வசிப்பாரா என்று கேட்கவில்லை. கொழும்பு முதலாளி வாங்கினாலும் இலண்டன் முதலாளி வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அயலட்டை இல்லாமற்போவது ஒன்றுதான்.

வடக்கில் நிலைமை வேறானது என்பதையும் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தின் நாற்சார் வீடுகளை வாடகைச் சந்தை காலியாக்கவில்லை. யுத்தமும் இடப்பெயர்வும் காலியாக்கின. விளக்கேற்ற ஆளில்லாமல் கூரை சரியும் வீடொன்று விருந்தினர் விடுதியாக மாறினால் அங்கே ஒருவர் வெளியேற்றப்படவில்லை. ஒரு வீடு காப்பாற்றப்படுகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அயலில் பிள்ளைகளோடு வாடகை வீடு தேடும் ஆசிரியர் குடும்பம் இருக்கும்போது, வருடத்தில் மூன்று வாரம் வரும் உறவினருக்காகவும் மிகுதி நாட்களில் பயணிகளுக்காகவும் அதே வீட்டை ஒதுக்குவது சரியா என்ற கேள்வி நாளை எழத்தான் போகிறது. வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் பலர் இத்தகைய வீடுகளின் சொந்தக்காரர்கள் என்பதால் இதை அவர்களது சிந்தனைக்கு விடுகிறேன்.

பயணிகளாகிய நாம் என்ன செய்யலாம்? பயணம் செய்யாமல் இருங்கள் என்று நான் கூறப்போவதில்லை. சட்டம் செய்ய வேண்டிய வேலையைப் பயணியின் மனச்சாட்சியின் தலையில் சுமத்துவது அதிகாரிகளுக்கு வசதியான தப்பித்தலாகிவிடும். ஆனால் சில சிறிய காரியங்கள் எமது கையில் இருக்கின்றன. இத்தாலியில் 2025ஆம் ஆண்டு முதல் குறுங்கால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதை விளம்பரத்திலும் குறிப்பிட வேண்டும். அந்தக் குறியீடு இல்லாத வீட்டை எடுக்கக் கூடாது. சொந்தக்காரர் அதே வீட்டிலோ கட்டிடத்திலோ வசிக்கிறாரா என்று பதிவுசெய்வதற்கு முன்னர் ஒரு வரியில் கேட்கலாம். ஒருவரே எத்தனை வீடுகளை விளம்பரப்படுத்துகிறார் என்பதையும் பார்க்க முடியும். தங்கும் நாட்களில் இரவில் சூட்கேஸை உருட்டாமல் தூக்கிச் செல்வதும், குப்பையை உரிய நேரத்தில் கையளிப்பதும், பக்கத்துச் சிறிய கடையில் காய்கறி வாங்குவதும் எவருக்கும் சிரமமான காரியங்கள் அல்ல.

பழைய கட்டிடங்களைப் பார்க்கவும் அவற்றில் ஓரிரவாவது உறங்கவும் மனிதர்கள் விரும்புவது இயல்பு. அங்கே பலர் வாழ்ந்திருக்கிறார்கள், இன்னமும் வாழ்கிறார்கள் என்ற எண்ணமே அந்த விருப்பத்துக்குக் காரணம். கடைசிக் குடியிருப்பாளரும் போய்விட்ட பிறகு எஞ்சுவது பழைய சுவர்களைக் கொண்ட ஹோட்டல் மாத்திரமே. மரபுரிமையைக் காக்கிறோம் என்று கூறும் மாநகர சபைகள் கற்களைக் கணக்கெடுப்பதுடன் நின்றுவிடாமல் குடியிருப்போரையும் கணக்கெடுக்க வேண்டும். அந்தத் தொகை மேலும் குறையாதிருக்கச் சட்டமும் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் இருந்தால்தானே விருந்தினர்?